மழைநீர் எப்போது வந்து சேர்கிறது: கோலாலம்பூரின் வெள்ளக் கணிப்புக்கு ஓர் எளிய அறிமுகம்

ஒரு நகரம் வெள்ளத்தில் மூழ்குமா என்ற கேள்வி எழுந்தால், எவ்வளவு மழை பெய்தது என்று பார்ப்பது இயல்பு. அது பாதிக் கணக்குதான். பெய்த நீர் எவ்வளவு நேரத்தில் ஓரிடத்தில் வந்து குவிகிறது என்பது மறுபாதி. கோலாலம்பூரைப் போல, மலையடிவாரத்தில் ஆறுகள் சந்திக்கும் இடத்தில் கட்டடங்கள் நெருங்கி வளர்ந்த நகரத்தில், பெரும்பாலும் இந்த மறுபாதியே வெள்ளத்தைத் தீர்மானிக்கிறது. மழைநீர் ஓட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டும் கணித மாதிரியைப் பொறியாளர்கள் அமைப்பது இந்த நேரக் கணக்கைப் போடுவதற்காகத்தான். செந்தூலிலும் சிகாம்புட்டிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வாழும் நம் குடும்பங்கள் இதன் அடிப்படையையாவது அறிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். நம் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்குப் பக்கத்தில் எத்தனை மாடிக் கட்டடம் எழலாம், எங்கே குளம் தோண்டலாம், எந்தக் கால்வாயை அகலப்படுத்தலாம் என்ற முடிவுகளுக்கு அடியில் இருப்பது இந்தக் கணக்கே.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். ஓர் ஆற்றின் குறிப்பிட்ட ஓரிடத்தை எடுத்துக்கொண்டு, எங்கெங்கே பெய்யும் மழை அந்த இடத்துக்கு வந்து சேரும் என்று எல்லை வரைந்தால், அதற்குள் அடங்கும் நிலம் முழுவதும் அந்த இடத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதி ஆகும். மஸ்ஜிட் ஜாமெக் பள்ளிவாசலின் அருகே கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுகின்றன. தைப்பூசத்தன்று பக்தர்கள் நீராடிக் காவடி எடுக்கும் பத்துமலைப் பக்கத்துப் பத்து ஆறு, நகர மையத்துக்கு வடக்கே கோம்பாக்கில் கலந்துவிடுகிறது. அம்பாங் ஆறு கிழக்கிலிருந்து வந்து கிள்ளானில் சேர்கிறது. ஆகவே உலு கோம்பாக்கின் காட்டில் விழுந்த துளியும், செந்தூலில் ஒரு கடையின் தகரக் கூரையில் விழுந்த துளியும், அம்பாங்கின் கார் நிறுத்துமிடத்தில் விழுந்த துளியும் ஒரே இடத்தை நோக்கித்தான் பயணம் செய்கின்றன. இவை எல்லாம் ஒரே நேரத்தில் அங்கே வந்து சேர்கின்றனவா, முன்பின்னாக வருகின்றனவா என்பதே கேள்வி.

காட்டிலும் தோட்டத்திலும் நீர்ப்பிடிப்பின் எல்லையை மேட்டு நிலம் வகுத்துக் கொடுக்கிறது. வளர்ந்த நகரத்தில் அந்த எல்லையை அப்படியே நம்ப முடியாது. நெடுஞ்சாலைக்கு அடியில் செல்லும் ஒரு குழாய், மேட்டின் ஒரு பக்கத்து நீரை மறுபக்கத்துக்குக் கடத்திவிடும். பழைய குடியிருப்பின் கால்வாய் எங்கே போய் முடிகிறது என்பதற்குச் சில வேளைகளில் வரைபடமே இருக்காது. நல்ல பொறியாளர் கணினியைத் திறப்பதற்கு முன் கால்வாய்களின் ஓரமாக நடந்து பார்ப்பார். அந்த நடையைத் தவிர்த்த ஆய்வை நான் முழுமையாக நம்பமாட்டேன்.

அடுத்தது மழை. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால், ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர். இந்த ஒரு சமன்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 20 அடிக்கு 70 அடி மனையில் அமைந்த தரை வீட்டை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறக்குறைய 130 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், அந்த மனையின்மீது மட்டும் 6,500 லிட்டர் நீர் விழுகிறது. மனை செடிகொடிகளுடன் மண்ணாக இருந்தால் ஒரு பகுதி உள்ளிறங்கும், ஒரு பகுதி இலைகளிலும் பள்ளங்களிலும் தங்கும். கூரை, சிமெண்டு போட்ட முற்றம், ஓடு பதித்த பின்கட்டு என்று மூடிவிட்டால் ஏறக்குறைய அத்தனையும் வாசல் கால்வாய்க்குள் வந்துவிடுகிறது. மண்ணுக்குள் போகாமல் மேற்பரப்பில் ஓடி வரும் இந்த நீரைத்தான் ஓடுநீர் என்கிறோம்.

ஓடுநீரைக் கணக்கிட மிக எளிய வழி ஒன்று 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அயர்லாந்துப் பொறியாளர் தாமஸ் மல்வனி அதற்கு அடித்தளம் இட்டார். மழையின் தீவிரத்தை ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று எடுத்து, அதை ஹெக்டர் கணக்கிலான பரப்பால் பெருக்கி, அந்நிலத்தின் ஓடுநீர்க் குணகத்தாலும் பெருக்கி, 360ஆல் வகுத்தால், ஒரு வினாடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் உச்சமாக ஓடும் என்பது கிடைக்கும். ஓடுநீர்க் குணகம் என்பது விழுந்த மழையில் எவ்வளவு பங்கு ஓடிவரும் என்பதைக் காட்டும் எண். பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் அது 0.3 அல்லது 0.4 என்ற அளவில் இருக்கும். கடைவீதிக்கு 0.9 அல்லது அதற்கும் மேல்.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. 10 ஹெக்டர் பரப்புள்ள பழைய ரப்பர் தோட்டம் ஒன்று தாமானாக மாறுகிறது. தோட்டமாக இருந்தபோது குணகம் 0.35. தாமானான பின் 0.85. குணகத்தை மட்டும் பார்த்தால் ஓடுநீர் ஏறக்குறைய இரண்டரை மடங்கு கூடும் என்று தோன்றும். ஆனால் இங்கே இன்னொன்றும் மாறுகிறது. தோட்டத்தில் மிகத் தொலைவில் விழுந்த துளி, சருகுகளுக்கும் வேர்களுக்கும் இடையில் புகுந்து, வெளியேறும் இடத்துக்கு வர அரை மணி நேரம் எடுத்தது என்று வைத்துக்கொண்டால், கூரைக் குழாய், சிமெண்டுக் கால்வாய், பெருங்கால்வாய் என்று வழுக்கிக்கொண்டு வரும் துளிக்குப் பத்து நிமிடம் போதும். இந்தப் பயண நேரத்துக்குச் சேர்நேரம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். எந்தக் கால அளவுள்ள மழையைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதைச் சேர்நேரமே முடிவு செய்கிறது. அரை மணி நேரத்துக்கு நீடிக்கும் மழையின் சராசரித் தீவிரத்தைவிடப் பத்து நிமிடமே கொட்டும் மழையின் தீவிரம் பொதுவாக அதிகம். முன்பு மணிக்கு 110 மில்லிமீட்டர் என்று எடுத்த இடத்தில் இப்போது 180 என்று எடுக்க வேண்டியிருக்கிறது. கணக்கைப் போட்டால், முன்பு வினாடிக்கு 1.07 கன மீட்டராக இருந்த உச்ச ஓட்டம் இப்போது 4.25 கன மீட்டராகிறது. அதாவது நான்கு மடங்கு. வானம் ஒன்றும் மாறவில்லை. நிலத்தை மூடியதோடு நீரின் பயணத்தையும் நாம் சுருக்கிவிட்டோம்.

இந்தச் சூத்திரம் சிறிய பரப்புகளுக்கே பொருந்தும். மலேசியாவின் வடிகால், நீர்ப்பாசனத் துறை வெளியிட்ட மழைநீர் மேலாண்மைக் கையேடு 80 ஹெக்டருக்குள் இதைப் பயன்படுத்தச் சொல்கிறது. அதற்கு மேற்பட்ட நிலத்துக்கு, உச்சத்தின் அளவோடு ஓட்டம் ஏறி இறங்கும் கதை முழுவதும் தேவைப்படுகிறது. அந்தக் கதையைக் கிடைமட்டத்தில் நேரமும் செங்குத்தில் ஓட்டமுமாக வரைந்தால் கிடைக்கும் வளைகோட்டை ஓட்ட வரைகோடு எனலாம். காட்டு ஆற்றின் வரைகோடு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். நகரக் கால்வாயின் வரைகோடு செங்குத்தாக ஏறிச் செங்குத்தாக விழும்.

கால்வாயின் சுவரும் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. நீரோட்டத்தின் வேகத்துக்கு 1889இல் ராபர்ட் மேனிங் முன்வைத்த சூத்திரத்தையே உலகமெங்கும் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதில் சொரசொரப்பைக் குறிக்கும் எண் ஒன்று உண்டு. வழவழப்பான சிமெண்டுக்கு அது ஏறக்குறைய 0.015. புல்லும் கல்லும் உள்ள இயற்கை ஓடைக்கு 0.035 அல்லது அதற்கும் மேல். வேகம் இந்த எண்ணுக்குத் தலைகீழாக மாறுவதால், அதே வடிவமும் சரிவும் கொண்ட ஓடைக்குச் சிமெண்டு பூசினால் நீர் இரண்டு மடங்குக்கு மேல் விரைந்து ஓடும். தன் வட்டாரத்து வெள்ளம் தணிந்தது என்று மேல்புறத்தில் இருப்பவர் மகிழலாம். அந்த நீர் கீழ்ப்புறத்தில் இருப்பவரிடம் முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்கும். பல பத்தாண்டுகளாக நகரங்கள் வெள்ளத்தைத் தீர்க்க முயன்ற முறை இதுதான். அதன் விளைவை ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்பவர்கள் சுமந்தார்கள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

2001ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்து, 2012இல் இரண்டாம் பதிப்பும் கண்ட மேற்சொன்ன கையேடு இந்தச் சிந்தனையைத் திருப்பிப் போட்டது. நீரை விரைந்து துரத்துவதை விட்டு, விழுந்த இடத்துக்கு அருகிலேயே சற்று நேரம் தங்கவைத்து மெல்ல விடு என்பது அதன் கொள்கை. புதிய திட்டம் எழுந்த பின் அந்நிலத்திலிருந்து வெளியேறும் உச்ச ஓட்டம், திட்டம் எழுவதற்கு முன் இருந்ததைவிடக் கூடக்கூடாது. நம் எடுத்துக்காட்டில் 4.25ஐ மீண்டும் 1.07க்குக் கொண்டுவர வேண்டும். தேக்கக் குளங்களும், வீட்டு மனைக்குள்ளேயும் கார் நிறுத்துமிடத்துக்கு அடியிலும் அமைக்கப்படும் தேக்கத் தொட்டிகளும் இதற்காகத்தான்.

இங்கே தொடக்கநிலை வாசகர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். குளம் வெட்டினால் எப்போதும் நன்மைதான் என்று நினைப்பது தவறு. ஒரு சங்கமத்தில் சேரும் இரண்டு ஓடைகளைக் கற்பனை செய்வோம். முதல் ஓடை சிறியது, அதன் உச்சம் மழை தொடங்கி ஒரு மணி நேரத்தில் வினாடிக்கு 60 கன மீட்டராக வருகிறது. அப்போது இரண்டாவது ஓடையில் 20தான் ஓடுகிறது. கூட்டினால் 80. இரண்டாவது ஓடை நீளமானது, அதன் உச்சமான 60 மூன்றாவது மணி நேரத்தில்தான் வருகிறது. அதற்குள் முதல் ஓடை 15ஆகத் தணிந்துவிட்டது. கூட்டினால் 75. ஆக, சங்கமத்தில் அதிகபட்சம் 80. இப்போது முதல் ஓடையில் நல்லெண்ணத்தோடு ஒரு குளம் அமைக்கிறோம். அதன் உச்சம் 60இலிருந்து 45ஆகக் குறைகிறது. ஆனால் இரண்டு மணி நேரம் தாமதமாகி மூன்றாவது மணி நேரத்தில் வருகிறது. சங்கமத்தில் இப்போது 45உம் 60உம் சேர்ந்து 105. குளம் கட்டியதால் வெள்ளம் கூடிவிட்டது. ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியே ஆராய்ந்து ஒப்புதல் கொடுத்தால் இந்த ஆபத்து கண்ணில் படாது. முழு நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் ஒரே மாதிரியை அமைத்து ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். வளர்ந்த நகரங்களுக்கு மாதிரி இன்றியமையாதது என்று நான் வற்புறுத்துவதற்கு முதன்மைக் காரணம் இதுவே.

எந்த மழைக்குக் கணக்கிடுவது என்பது அடுத்த சிக்கல். நீண்ட கால மழைப் பதிவுகளை ஆராய்ந்து, குறிப்பிட்ட கால அளவுக்குக் குறிப்பிட்ட தீவிரமுள்ள மழை சராசரியாக எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று அட்டவணை இடுகிறார்கள். நூறு ஆண்டு மழை என்ற சொல்லாட்சி பலரைத் தவறாக வழிநடத்துகிறது. ஒருமுறை வந்துவிட்டது, இனி நூறு ஆண்டுக்கு நிம்மதி என்பது அதன் பொருள் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் அது வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். 30 ஆண்டு வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் அத்தகைய மழை ஒருமுறையாவது வந்துவிடுவதற்கு ஏறக்குறைய 26 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. நான்கு வீடுகளில் ஒரு வீட்டின் அனுபவம் அது. அந்த நூற்றில் ஒன்று என்ற எண்ணும் பழைய பதிவுகளிலிருந்து வந்தது. பருவநிலை மாறும்போது அதுவும் நிலையாக நிற்காது.

மழையின் கால அளவும் அதே அளவு முக்கியம். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு கொட்டி ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும் மழை, சிறிய கால்வாய்களை நிரப்பிச் சாலைகளை மூழ்கடிக்கும். பெரிய ஆறு அதைத் தாங்கிவிடக்கூடும். பரந்த நிலப்பரப்பில் ஒரு நாளுக்கு மேல் விடாமல் பெய்யும் மழை வேறு வகை. 1971 ஜனவரியில் கோலாலம்பூரை மூழ்கடித்ததும், 2021 டிசம்பரில் தலைநகரிலும் சிலாங்கூரிலும் பெருஞ்சேதம் விளைவித்து ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்களைக் கூரைவரை துரத்தியதும் அத்தகைய நீடித்த மழையே. அப்போது மண் முழுவதும் நனைந்து ஊறியிருக்கும், குளங்கள் நிரம்பியிருக்கும், ஆறு உயர்ந்து கால்வாய்களின் வாயை அடைத்து நிற்கும். கால்வாயில் குறை ஏதும் இல்லாவிட்டாலும் நீர் வெளியேற வழியின்றிப் பின்னோக்கி ஏறும். ஆகவே ஒரே மாதிரியைப் பதினைந்து நிமிட மழைக்கும், ஒரு மணி நேர மழைக்கும், ஒரு நாள் மழைக்கும் தனித்தனியே ஓட்டி, ஒவ்வோர் இடத்துக்கும் எது மிக மோசம் என்று பார்க்க வேண்டும்.

கணினிக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆற்றையும் கால்வாயையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் உள்ளே வரும் நீர், வெளியேறும் நீர், தங்கும் நீர் ஆகியவற்றின் சமநிலையைச் சில வினாடிகளுக்கு ஒருமுறை கணக்கிடுகிறார்கள். பிரெஞ்சு அறிஞர் சான் வெனான் 1871இல் தந்த சமன்பாடுகள் இதற்கு அடிப்படை. கரை தாண்டிய நீர் தெருக்களில் பரவுவதைக் காண, நிலத்தைச் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்து இரு திசைகளிலும் கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவில் 1971இல் முதன்முதலாக உருவான எஸ்டபிள்யூஎம்எம், அந்நாட்டு இராணுவப் பொறியாளர் படை உருவாக்கிய ஹெச்இசி ராஸ் ஆகிய இரண்டு மென்பொருள்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆர்வமுள்ள நம் கல்லூரி மாணவர்கள் இன்றே தரவிறக்கிப் பழகலாம்.

மென்பொருளைவிட அதற்குள் கொடுக்கும் தரவுகளே முடிவின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. விமானத்திலிருந்து லேசர் கதிரால் அளந்த நிலமட்டத்தில், உயர்த்திக் கட்டப்பட்ட நெடுஞ்சாலையும் எல்ஆர்டி தண்டவாளமும் தரையைப் போலவே பதிவாகிவிடும். அவற்றை நீக்காவிட்டால் மாதிரியில் அவை நீரைத் தடுக்கும் சுவர்களாக நிற்கும். குப்பை இன்னொரு சிக்கல். பெரும்பாலான மாதிரிகள் கால்வாய் சுத்தமாக இருப்பதாகவே கொள்கின்றன. சாலையோரக் கம்பிவலையில் பிளாஸ்டிக் பைகள் அடைத்திருந்தால், கீழே கால்வாய் காலியாக இருக்க மேலே சாலை ஆறாகும். ஆகவே பாதி அடைத்த நிலையையும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது கட்டாயமாக வேண்டும்.

மாதிரி சொல்வது உண்மைதானா என்று சோதிக்க, உண்மையில் நடந்த ஒரு வெள்ளத்தை எடுத்து, அன்றைய மழை அளவைக் கொடுத்து, ஆற்று மட்டம் பதிவானபடி வருகிறதா என்று பார்க்கிறார்கள். பொருந்தும்வரை குணகங்களைத் திருத்துகிறார்கள். பிறகு, திருத்தப் பயன்படுத்தாத வேறொரு வெள்ளத்தைக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். இந்த இரண்டாவது சோதனைதான் மாதிரியின் நேர்மையைக் காட்டுகிறது. சுவரில் நின்ற சேற்றுக் கோட்டின் உயரம், வீட்டுக்குள் நீர் நுழைந்த நேரம் ஆகியவற்றைக் குடியிருப்பாளர்கள் குறித்து வைத்திருந்தால், கருவிகள் இல்லாத இடங்களில் அந்தக் குறிப்பே சான்றாகும். கைப்பேசியில் எடுத்த படத்தில் நேரம் பதிவாகியிருப்பதால் அதன் மதிப்பு இன்னும் கூடுகிறது.

இவை எல்லாம் ஒன்றுசேர்ந்து வேலை செய்வதை 2007இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கத்தில் காணலாம். 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கம், கிள்ளானும் அம்பாங்கும் சேரும் இடத்தில் நீரை எடுத்து, நகர மையத்தைச் சுற்றிக் கடத்தி, தாமான் டேசாவின் குளம் வழியாகக் கீழே விடுகிறது. குளங்களையும் சேர்த்து ஏறக்குறைய 30 லட்சம் கன மீட்டர் நீரை அதில் தேக்கலாம். அதன் நடுப்பகுதியில் வாகனங்களும் செல்கின்றன. சங்கமத்தில் ஓட்டம் வினாடிக்கு 70 கன மீட்டரைத் தாண்டினால் சாலைக்கு அடியில் உள்ள தளத்தில் நீர் விடப்படுகிறது. 150ஐத் தாண்டும் பெருமழையில் சாலை மூடப்பட்டு, வாகனங்கள் எல்லாம் வெளியேறிய பின், தேவைப்பட்டால் சுரங்கம் முழுவதும் நீருக்குத் திறக்கப்படுகிறது. வாகனங்கள் வெளியேற நேரம் வேண்டும் என்பதால், மேல்புறத்து மழையை வைத்து ஓட்டம் எப்போது அந்த எல்லையைத் தொடும் என்று முன்கூட்டியே கணிக்கும் மாதிரி இங்கே உயிர்நாடியாகிறது. ஆனால் சுரங்கத்தின் வாய் கிள்ளான் பக்கத்தில் இருப்பதால், கோம்பாக், பத்து ஆறுகளின் வெள்ளத்தை அது நேரடியாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பக்கத்துக்குப் பத்து அணையும், பத்து, ஜிஞ்ஜாங் தேக்கக் குளங்களும் அவற்றுக்கு நீரைத் திருப்பும் கால்வாய்களும் இருக்கின்றன. செந்தூல்வாசிகள் ஸ்மார்ட் சுரங்கத்தை மட்டும் நம்பியிருக்கக்கூடாது.

வெள்ளத்தின் ஆழத்தைக் காட்டும் வரைபடம் அபாயத்தின் ஒரு பகுதியே. அரை மீட்டர் நீர் திடலில் நின்றால் சேதம் இல்லை. அதே நீர் நிலத்தடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவில் இறங்கினால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். தரைத்தளத்தில் தனியே வாழும் முதியவரும், சக்கர நாற்காலியில் இருப்பவரும், காப்புறுதி இல்லாத சிறுகடைக்காரரும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் அபாயத்தை அளந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. சேதத்தை ரிங்கிட்டில் மட்டும் கணக்கிட்டால், விலை உயர்ந்த கட்டடங்கள் நிற்கும் இடமே எப்போதும் முன்னுரிமை பெறும். கம்போங் எனப்படும் கிராமப்புற வீடுகள் பட்டியலின் கடைசிக்குப் போய்விடும். அப்படி நடக்க விடக்கூடாது.

உங்கள் வட்டாரத்தில் புதிய கட்டுமானம் வரும்போது, விளக்கக் கூட்டத்தில் கேட்கத்தக்க கேள்விகள் மேற்சொன்னவற்றிலிருந்தே பிறக்கின்றன. கட்டுவதற்கு முன்னும் பின்னும் உச்ச ஓட்டம் எவ்வளவு? எந்தெந்தக் கால அளவுள்ள மழைக்குக் கணக்கிட்டீர்கள்? ஆறு உயர்ந்து நிற்கும்போது உங்கள் கால்வாயின் நீர் எங்கே போகும்? தேக்கத் தொட்டி மெல்ல விடும் நீர், கீழே வரும் ஆற்றின் உச்சத்தோடு ஒரே நேரத்தில் சேருமா? அந்தத் தொட்டியில் பத்து ஆண்டுக்குப் பிறகு தூர்வாரப் போவது யார், செலவு யாருடையது? ஆய்வை ஒழுங்காகச் செய்தவர் இவற்றுக்கு எண்களோடு விடை தருவார். நாலாவது கேள்விக்குத் தங்கள் நிலத்தின் எல்லைவரைதான் கணக்கிட்டோம் என்ற விடை வந்தால், முழு நீர்ப்பிடிப்புப் பகுதிக்கான மாதிரியில் தங்கள் திட்டத்தைச் சேர்த்து ஓட்டிக் காட்டுமாறு எழுத்து மூலம் கேளுங்கள்.